உரோம வணிகரின் கடைசி அத்தியாயம்

முதலில் தெரிந்தது ஈறில் கசிந்த இரத்தம். உணவகச் சமையலறை வேலையின் களைப்பு என்று நினைத்தோம். பிறகு தம்பி குகனின் தொடைகளில் நீலத் திட்டுகள் வந்தன. சுவிட்சர்லாந்தின் லொசானில் மருத்துவர் லுக்கேமியா (இரத்தப் புற்றுநோய்) என்றார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. குகனுக்குப் பிரெஞ்சு தெரியாது. ஊரில் பத்திரிகையில் வேலை செய்த நான்தான் மருத்துவர் சொல்வதைத் தமிழில் சொன்னேன். அந்த நோயின் பெயரை நோயாளியிடம் சொல்வது எங்கள் வீடுகளில் வழக்கமில்லை.

"இரத்தம் பழுதாம். மருந்து ஏத்தினால் மாறுமாம்," என்றேன்.

கீமோ (புற்றணுக்களைக் கொல்லும் மருந்து) ஏறியதும் அவன் வாய் புண்ணானது. மாலைகளில், அகதிகளுக்கான மொழி வகுப்பில் எனக்குத் தந்த புத்தகத்தைத் தமிழாக்கி வாசித்தேன். முந்நூறு ஆண்டுகளுக்கு முன், விலங்குகளின் உரோமத் தோலுக்காகக் கனடாவில் அலைந்த ஒரு பிரெஞ்சு வணிகரின் வாழ்க்கை. இளவயதில் பூர்வகுடியினரிடம் பிடிபட்டு, அவர்களில் ஒரு குடும்பத்தின் மகனாகி, தப்பி, பேரேரிகளுக்கு அப்பால் தோல் தேடிப் போனவர். பிரெஞ்சு ஆளுநர் தோல்களைப் பறித்ததும் வணிகர் ஆங்கிலேயரிடம் போனார். திரும்பி வந்தார். மறுபடியும் போனார்.

"அவருக்கும் ஒருத்தரும் விசா குடுக்கேல்லைப் போல," என்றான் குகன். அவனும் கனடாவுக்குப் போக இருந்தவன்.

அடுத்த சுற்று மருந்துக்குப் பிறகும் புற்றணுக்கள் திரும்பின. இனிப் பயனில்லை, அவரிடம் சொல்லுங்கள் என்றார் மருத்துவர். அன்று புத்தகத்தில் கடைசி அத்தியாயம் மிஞ்சியிருந்தது.

"கடைசியில ஊருக்குப் போனவரோ?" என்று தம்பி கேட்டான்.

"இல்லை. லண்டனில செத்துப்போனார். கையில ஒண்டும் இல்லாமல்."

குகன் சிரித்தான். "அண்ணை, நீங்கள் பேப்பரில வேலை செய்தனீங்களெல்லோ. புத்தகத்தில செத்தவனை உயிரோட விடமாட்டியள். அப்ப என்ர கதையையும் அப்பிடியே வாசியுங்கோ. டொக்டர் நீட்டிக் கதைக்கிறார், நீங்கள் ரெண்டு வசனத்தில முடிக்கிறியள்."

சொன்னேன். நோயின் பெயரையும் சொன்னேன். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். பிறகு கேட்டான்: "ரேப் ரெக்கோடர் கொண்டு வாறியளோ? அம்மாவுக்கு நானே சொல்லப்போறன்."

இதே நிலையில் இருப்பவர்களுக்கு, சொல்லிவிடுங்கள் என்று நான் அறிவுரை சொல்லமாட்டேன். சொன்ன பிறகு அவன் என் முகத்தை ஆராய்வதை நிறுத்தினான் என்பதை மட்டும் எழுதுகிறேன். "சுகமானாப் பிறகு" என்று பேசுவதையும் நிறுத்தினான். இன்று என்ன செய்யலாம் என்றே கேட்டான்.

ஒலிநாடாவில் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினான். முதல் பனி விழுமுன் போய்விட்டான்.

ஊருக்கு அனுப்புவதற்கு முன் அந்த நாடாவை ஒருமுறை கேட்டேன். சொற்களைவிட, அவற்றுக்கு நடுவே அவன் மூச்சுக்காக நிறுத்திய இடங்கள்தான் நீளமாக இருந்தன. இப்போது படியேறும்போது எனக்கு மூச்சு வாங்கினால் அவசரப்படுவதில்லை. நின்று, அது அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.