ஸைனம்பு வாங்கிய இலை

உக்குவளை ஊர் யாகூபின் தங்கை ஸைனம்புவுக்குக் காது கேட்காது. சின்ன வயதில் வந்த காய்ச்சல் காதோடு பேச்சையும் கொண்டுபோய்விட்டது. பெண் கேட்டு யாரும் வரவில்லை. வேலைக்கும் யாரும் கூப்பிடவில்லை. இதே குறையோடு ஓர் ஆண்பிள்ளை இருந்திருந்தால் மூட்டை தூக்கவாவது கடைக்காரர்கள் கூப்பிட்டிருப்பார்கள். பெண்ணென்றால் வீட்டோடு செய்கிற வேலைதான். அங்கே அப்படி இருந்தது பீடி சுற்றுவது ஒன்றுதான்.

அதிலும் ஒரு சிக்கல். மாத்தளையிலிருந்து சைக்கிளில் இலையும் புகையிலைத் தூளும் கொண்டுவரும் மர்சூக் வாசலில் நின்று குரல் கொடுப்பார். பெண்கள் கதவுத் திரைக்குப் பின்னால் நின்றே பதில் சொல்லி, சுற்றிய கட்டுகளை நீட்டி, புது இலை வாங்கிக்கொள்வார்கள். முகம் தெரியாமல் எல்லாம் குரலிலேயே முடிந்துவிடும். குரல் இல்லாதவள் என்ன செய்வாள் என்று திரை போட்டவர்கள் யாரும் யோசிக்கவில்லை. அவளுக்கும் சேர்த்து மதினி பீபிதான் பேசுவாள். இலையும் பீபி பேரில்தான் வரும்.

அறுபத்து நாலாம் வருடம் பீபி பிரசவத்துக்காகக் கலேவெலயில் உம்மா வீட்டுக்குப் போனாள். மர்சூக் வந்தார், கூப்பிட்டார், பதில் இல்லை, போய்விட்டார். மழைக்காலம், சுமை தூக்கும் யாகூபுக்கும் வேலை கிடைக்கவில்லை. அடுப்பில் பூனை தூங்கியது. நானே இலை வாங்கட்டுமா என்று ஸைனம்பு சைகையில் கேட்டாள். பீபி வரட்டும், நீ வெளியே தலை காட்டாதே என்று யாகூப் கையை வீசினான். அவனுக்கு வயிற்றைவிட ஊர் வாய் பெரிது.

அடுத்த முறை சைக்கிள் வந்து நிற்பதைத் திரை ஓரமாகப் பார்த்தவள், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். மர்சூக் பதறிப்போய் முதுகைக் காட்டி நின்றார். மரியாதை தெரிந்த மனிதர், பாவம். அவள் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். அவர் மறுபடியும் திரும்பினார். அவளும் விடவில்லை. பார்த்தவர்களுக்குச் சிரிப்பு, அவளுக்கோ வயிற்றுப்பாடு. அடுத்த வீட்டு ஆஸியா தன் திரைக்குள்ளிருந்து சத்தம் போட்டாள்.

"தம்பி, அவவுக்குக் காது கேக்காது! கொஞ்சம் திரும்பிப் பாருங்க!"

"அன்னியப் பொம்புள மொகத்த எப்பிடிப் பாக்குற, ராத்தா?"

"மொகத்த யாரு பாக்கச் சொன்னா? கையப் பாருங்க. அவ பேசுறது கையாலதான்."

மர்சூக் தலையைக் குனிந்து கையை மட்டும் பார்த்தார். அந்தக் கைகள் வெறும் காற்றில் இலை வெட்டின, தூள் வைத்துச் சுருட்டின, நூல் கட்டின. பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டின. அவர் சைக்கிளிலிருந்து இலைக் கட்டை இறக்கி வைத்தார்.

விஷயம் தெரிந்ததும் யாகூப் அடிக்கவில்லை, ஏசவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டான். காது கேட்கிறவர்களுக்கு ஒருவர் கோபமாக இருந்தாலும் அவருடைய இருமலாவது கேட்கும். ஸைனம்புவுக்கு முகம் திரும்பினால் ஆளே இல்லை. பீபியும் இல்லாத வீட்டில் அவள் பேசுவதற்கு இருந்ததே அந்த ஒரு முகம். பீடி சுற்றிக்கொண்டே அழுதாள். ஆனாலும் இலையைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

கூலி கிடைத்த அன்று ஆஸியா மூலம் அரிசியும் பருப்பும் வாங்கி, ஆக்கி, நானா யாகூபின் முன்னால் சோற்றுப் பீங்கானை வைத்தாள். அவன் குனிந்தபடியே தின்றான். அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். பாதிச் சோற்றில் அவன் நிமிர்ந்து, அவள் முகத்தைப் பார்த்து, விரல் நுனிகளைத் தேய்த்துக் காட்டினான்: உப்புக் குறைவு.

ஸைனம்பு கண்ணைத் துடைத்துக்கொண்டு உப்பு எடுக்க ஓடினாள்.