கூடூர் வண்டியில் விட்ட சாக்கு மூட்டை

அறுபதுகளின் கடைசியில் நடந்தது இது. நான் அப்போது திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். அதே ஷிஃப்டில் என்னோடு வேலை பார்த்த என் நண்பனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, இராயபுரத்தில் அவர்கள் மாதா கோயிலில் முதல் கல்யாண ஓலையும் வாசித்தாயிற்று. இன்னும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிக்க வேண்டும். யாரும் ஆட்சேபம் சொல்லாவிட்டால் பொங்கல் கழித்துக் கல்யாணம்.

"அதுக்கு முன்னாடி ஒரு அருவிய கண்ணால பாத்துடணும் மாமு" என்று ஒரே பிடிவாதம் பிடித்தான். பாவம், பிறந்ததிலிருந்து அவன் பார்த்ததெல்லாம் கடலும் கிரேனும் புகைபோக்கியும்தான். ஆந்திர எல்லை தாண்டித் தடா பக்கம் மலைக்காட்டில் ஓர் அருவி இருப்பதாகவும், ஒரே நாளில் போய் வந்துவிடலாம் என்றும் அவனுக்குச் சொன்னவர் அவன் பக்கத்து வீட்டுக்காரர். விறகுத் தொட்டியில், அதாவது விறகு மண்டியில், லாரி ஓட்டுகிறவர். அந்தக் காட்டுப் பக்கம் லோடு ஏற்றப் போய்ப் பழக்கம்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்த்த பிறகும் மூக்குக்கிட்டே கொண்டுபோய்ப் பார்க்கிறவன் நான். "உன்னக் கட்டிக்கினவ பாவம்யா" என்று காசிமேட்டு மீன்காரம்மா என் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறாள். அப்படிப்பட்டவனுக்கு அந்த லாரிக்காரரைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. எதையும் அரை வார்த்தையில் முடிப்பார். கேட்டதற்கு மேல் ஒரு சொல் வராது.

டோல்கேட் டீக்கடையில் உட்கார்ந்து இரண்டு வாரம் திட்டம் போட்டோம். எங்கள் கம்பெனிக்கு வார லீவு புதன்கிழமை. காலையில் கூடூர் பாசஞ்சர் பிடித்து தடாவில் இறங்குவது, அங்கிருந்து அவருக்குத் தெரிந்த கரி லாரியில் மலையடிவாரம், பிறகு காட்டுக்குள் நடை. சோறு நான் கட்டி வருவது, ஊறுகாய் நண்பன் வீட்டிலிருந்து. எல்லாம் சரி. நடுநடுவே அந்த மனிதர் சொன்ன விஷயங்கள்தான் எனக்குச் சரியாகப் படவில்லை.

"நான் வர்ற விஷயம் தொட்டியாண்ட யாருக்கும் தெரிய வாணாம்" என்றார் முதல் நாள். ஏன் தெரியக்கூடாது? "கம்பெனி கார்டு கையோட எட்டுத்துக்கோங்க" என்றார் இன்னொரு நாள். அருவியில் குளிக்கப் போகிறவனுக்குக் கார்டு எதற்கு? "ரெண்டு மணிக்கெல்லாம் காட்ட வுட்டு வெளிய வந்துடணும்" என்பது மூன்றாவது. இதெல்லாம் போதாதென்று கடைசியில், "ரெண்டு லாரி டியூப் எட்டுத்தாரேன். கைகாவலா இருக்கட்டும்" என்றாரே பார்க்கலாம்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது புரியாது. அப்போது இங்கே மதுவிலக்கு. வடசென்னையில் லாரி டியூப் என்றால் சாராயம் என்றுதான் அர்த்தம். டியூபில் ஊற்றிக் கட்டி, சைக்கிளிலும் ரயிலிலும் கடத்துவார்கள். எல்லையைத் தாண்டினால் சரக்கு கிடைக்கும், திரும்பும்போது போலீஸ் வண்டியில் ஏறித் துழாவும் என்று ஊரெல்லாம் பேச்சு. கணக்கு எனக்குச் சரியாக விழுந்துவிட்டது. கம்பெனி கார்டு வைத்திருக்கிற இரண்டு அப்பாவிகளைக் கூட வைத்துக்கொண்டு இந்த ஆள் சரக்கு கடத்தப் போகிறான்! பிடிபட்டால் என் நண்பன் கதி? கடைசி ஓலை வாசிக்கும்போது பெண்வீட்டார் ஆட்சேபம் சொல்ல எழுந்து நிற்பார்களே.

நண்பனிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

"அவுரு தங்கமான ஆளு மாமு. உனக்கு உன் நெழலப் பாத்தாலே டவுட்டு."

புதன்கிழமை விடிந்ததும் வண்டி ஏறினோம். டியூப் இரண்டையும் மடித்துச் சாக்கில் சுற்றி, ஒரு பம்பையும் வைத்துக் கட்டியிருந்தார். அந்த மூட்டையை என் மடியில் வைத்து, "பத்திரமா பாத்துக்க நைனா" என்று சொல்லிவிட்டுக் கதவோரம் போய் நின்றுகொண்டார். சரிதான், திரும்பும்போதும் இப்படித்தான், போலீஸ் வந்தால் மூட்டை என் கையில் இருக்கும், ஐயா கதவு வழியாகக் குதித்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன். டியூபே இல்லாவிட்டால் சரக்கு எதில் வரும்? மூட்டையைக் கீழே வைத்துக் காலாலேயே சீட்டுக்கு அடியில் உள்ளே தள்ளினேன். தடா வந்தது. சோற்று மூட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

வண்டி நகர்ந்த பிறகுதான் அவர் என் கையைப் பார்த்தார்.

"மூட்டை எங்க நைனா?"

"ஐயையோ அண்ணாத்தே, மறந்துட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டேன். நன்றாகவே நடித்தேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. மாட்டிக்கொண்டான் என்று எனக்குள் அப்படி ஒரு சந்தோஷம்.

காட்டு முகப்பில் ஒரு காவலாளி எங்களை மறித்தார். மரம் வெட்டித் திருடுகிற கும்பலோ என்று அவருக்குச் சந்தேகம். கம்பெனி கார்டைக் காட்டியதும் விட்டுவிட்டார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. இரண்டு பக்கமும் பாறை, தலைக்கு மேல் மரம், நடுவே ஓடை என்று ஒரு மணி நேரம் நடந்தோம். அந்தப் பள்ளத்துக்குள் வெயில் இறங்கவே இல்லை. இரண்டு மணிக்கு மேல் இங்கே எப்படி இருட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அருவி அப்படி ஒன்றும் பெரியது இல்லை. ஆனால் அதன் அடியில் கிடந்த மடு கறுப்பாக இருந்தது. லாரிக்காரர் கரையிலேயே நின்று, "ஓரமா குளிங்க. உள்ள போவாதீங்க. இது கடலு இல்ல" என்றார். காசிமேட்டு அலையில் வளர்ந்தவன் கேட்பானா? வேட்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் பாறையிலிருந்து குதித்தான் என் நண்பன்.

மேலே வந்தவன் கடலில் செய்வதுபோல மல்லாந்து படுக்கப் பார்த்தான். உப்புத் தண்ணீர் தூக்குகிற மாதிரி அது தூக்கவில்லை. அருவி விழுகிற வேகம் வேறு அவனைச் சுழற்றி உள்ளே இழுத்தது. ஒரு தரம் முகம் தெரிந்தது, அடுத்த தரம் கை மட்டும்தான். நானும் வேட்டியை உதறிவிட்டுக் குதித்தேன். ஐஸ் மாதிரி குளிர், கால் மரத்துப்போயிற்று. அவன் என் கழுத்தைக் கட்டிக்கொள்ள, இரண்டு பேரும் சேர்ந்தே முழுகினோம். முடிந்தது கதை என்றுதான் நினைத்தேன்.

லாரிக்காரர் என்ன செய்தார் தெரியுமா? எங்கள் வேட்டிகளையும் தன் வேட்டியையும் முடிந்து, ஒரு முனையை மரவேரில் கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு கழுத்தளவு தண்ணீருக்குள் இறங்கி வந்தார். என் தலைமயிர் அவர் கைக்கு எட்டியது. பிடித்தவர் விடவில்லை.

நண்பனைக் கவிழ்த்துப் போட்டு முதுகை அழுத்தினார். தண்ணீரைக் கக்கிவிட்டு அவன் மூச்சு விட்டபோது நான் ஓவென்று அழுதேன். அவர் இடுப்பில் சுற்றிய வேட்டி முடிச்சை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கு நீச்ச தெரியாது நைனா. அதான் டியூப் எட்டாந்தேன். கடல்ல நீஞ்சறவன்தான் இங்க ஏமாந்துடறான்."

நண்பன் கண்ணை மூடிக் கிடந்தான். அவரைத் தள்ளிக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சாராயம் என்று நினைத்தது, மூட்டையைக் காலால் தள்ளியது, மறந்ததாக நடித்தது. தொட்டியில் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுத்தான் அவர் எங்களுக்காக வந்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அறைவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே இருந்தார்.

"ரெண்டு வாரமா கூடவே குந்தி டீ குட்ச்சோம். என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே" என்றார்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. லாரிக்காரர் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். மூட்டை விஷயத்தை நண்பனிடம் அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவன் இன்று பேரப்பிள்ளை எடுத்துவிட்டான், மூட்டையை நான் மறந்துவிட்டேன் என்றே நம்பிக்கொண்டிருக்கிறான். நான் இதை எழுதி அனுப்புகிற பத்திரிகைப் பகுதியை ஒரு வாரம் விடாமல் படிக்கிறவன் அவன், படிக்கட்டும். என் சந்தேக புத்தி இன்னும் போகவில்லை, ஆனால் யார்மேல் வந்தாலும் அவர் முகத்தைப் பார்த்து, "இது எதுக்குங்க?" என்று முதலில் கேட்டுவிடுகிறேன்.