"ஏண்டா, கால் யாருது?"

அறுபதுகளின் தொடக்கம். மலைநாட்டில் டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு நான் மருமகளாக வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. எனக்கு வயது இருபத்திரண்டு. என் மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அறுபதைத் தாண்டியவர். கொழுந்து பறிப்பதில் எங்கள் மலையில் அவரை முந்த ஆள் கிடையாது. வாயும் அப்படித்தான். "பேன் பாக்குற மாதிரி கொழுந்து எடுக்குறா பாரு" என்று எல்லோரும் கேட்க என்னை ஏசுவார். எங்கள் இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

அடைமழைக் காலத்தில் ஒருநாள் சரிவில் கால் வழுக்கி, கூடையோடு சறுக்கிப்போய்க் கீழே கானுக்குள் விழுந்தார். மழைத்தண்ணீர் ஓட வெட்டிய கான் அது. உள்ளே கிடந்த கல்லில் இடுப்பு மோதிவிட்டது. எழுந்து நிற்கப் பார்த்தார், முடியவில்லை. கம்பளியில் கிடத்தி நாலு பேர் தூக்கிக்கொண்டு தோட்டத்து மருந்துச் சாலைக்குப் போனோம்.

அங்கே மருந்து கொடுக்கிற ஐயா காலை லேசாக அசைத்துப் பார்த்துவிட்டு, "வயசான எலும்பு. இடுப்பு போனா போனதுதான். எண்ணெய் தடவி லயத்து வீட்டுல படுக்க வைங்க" என்றார்.

அத்தைக்கு வந்ததே கோபம்! "நான் என்னங்க ஒடஞ்ச கூடையா, மூலையில சாத்தி வைக்க? பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் குடுங்க. குடுக்காட்டி இந்த வாசல்லயே கெடப்பேன். உள்ள போறவுக என்னைத் தாண்டிக்கிட்டுப் போகட்டும்."

சொன்னபடியே கிடந்தார். ஒரு மனுஷியைத் தாண்டிப் போக யாருக்கு மனம் வரும்? மருந்துக்கு வந்தவர்களெல்லாம் வெளியிலேயே நின்றார்கள். சாயங்காலம் துண்டு கிடைத்தது. லொறியில் சாக்கு விரித்து ஏற்றிக்கொண்டு போனோம்.

பெரியாஸ்பத்திரியில் எலும்பைப் படம் பிடித்தார்கள். டொக்டர் சிங்களவர். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த கடைக்கார முஸ்லிம் அம்மாதான் அவர் சொன்னதைத் தமிழில் சொன்னார். தொடை எலும்பின் உருண்டை போய் உட்காரும் கிண்ணம் உடைந்து, உருண்டை உள்ளே தள்ளிக்கொண்டு போயிருக்கிறதாம். முழங்காலுக்குக் கீழே ஒரு கம்பியை ஏற்றி, அதில் கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் கப்பி வழியாக இரும்பு எடைகளைத் தொங்கவிட்டார்கள். அந்த இழுப்பில்தான் எலும்பு இடத்தில் நிற்கும், ஆறு வாரம் அசையக் கூடாது, எடையை யாரும் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள்.

நான்தான் கூட இருந்தேன். இரண்டாவது வாரம் ஒரு மத்தியானம் அத்தை அழுதார். சத்தமே இல்லை, கண்ணீர் மட்டும் காதுக்குள் வழிந்துகொண்டிருந்தது. புருஷன் செத்தபோதே அழாத பொம்பளை என்று தோட்டத்தில் சொல்வார்கள். என்னால் பார்க்க முடியவில்லை. கொஞ்ச நேரம்தானே என்று அந்த இரும்புகளைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டேன். அத்தை அப்படியே தூங்கிப்போனார். நான் பெரிய புண்ணியம் செய்த மாதிரி விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டொக்டர் வரும் நேரத்துக்கு முன் திரும்ப மாட்டிவிட்டேன். அடுத்த நாளும் அதையே செய்தேன். பாழாய்ப்போன புத்தி!

மறு படத்தில் எலும்பு பழையபடி உள்ளே போயிருந்தது. நர்ஸ் மிஸ்ஸி அத்தையைப் பிடித்துக்கொண்டார். "நீ பொரண்டு படுத்திருப்பே!"

"நான் ஒரு நூல்கூட அசையலே!" என்று அத்தை கத்தினார். அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. பொய் சொல்லத் தெரியாத அந்த வாய் ஏச்சு வாங்குவதைப் பொறுக்க முடியாமல், "நான்தாங்க எறக்குனேன்" என்று சொல்லிவிட்டேன்.

வார்டே என்னைப் பார்த்தது. அத்தை ஏழு தலைமுறையை இழுத்து ஏசப்போகிறார் என்று நின்றேன். அவரோ, "கிட்ட வாடி" என்றார். "செஞ்ச தப்ப அழுது தீத்துக்கலாம்னு பாக்காத. நின்னு தீத்துக்க. நாளைக்கு என் மவனுக வந்து ஆபரேசன் வேணாம்பானுக. நீ என் பக்கம் நிக்கணும்."

அப்போதுதான் டொக்டர் கடைசி வழியைச் சொல்லியிருந்தார். திறந்து, உடைந்த துண்டுகளைச் சேர்த்து, தகடும் ஆணியும் போட்டு இறுக்க வேண்டும். இந்த வயதில் மயக்க மருந்திலிருந்து எழும்பாமலே போகலாம். எழும்பினாலும் நன்றாக நடப்பார் என்று சொல்வதற்கில்லை. செய்யாவிட்டால் கால் குட்டையாகி, விறைத்துத்தான் போகும்.

மறுநாள் என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் வந்தார்கள். வரும்போதே முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தார்கள். "இந்த வயசுல கத்தி வேணாம் ஆத்தா. வீட்டுக்குப் போயிருவோம். நாங்க வச்சுப் பாத்துக்கிறோம்" என்றார் மூத்தவர்.

"ஏண்டா, கால் யாருது?"

"ஒன்னுதுதான்..."

"அப்ப ரேகையும் என்னுதுதான். மைய கொண்டாரச் சொல்லு."

குடும்பத்துக்காரர்களும் சம்மதிக்க வேண்டும் என்று டொக்டர் தயங்கினார். என் வீட்டுக்காரர் தலையை ஆட்டி மறுத்தார். அதுவரை அவர் முன்னால் நான் குரல் உயர்த்தியதில்லை. அன்றைக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது.

"அத்தை சொல்றதுதான் நடக்கணும். கெடுத்தது நான். இப்ப அவுகள லயத்துக்குத் தூக்கிட்டுப் போனா, நீங்க மட்டும் போங்க. நான் வரமாட்டேன்!"

என் வீட்டுக்காரர் கை ஓங்கினார். பக்கத்துக் கட்டில் அம்மா எழுந்து உட்கார்ந்து, "அடிங்க பாப்போம் தம்பி, டொக்டர் பாத்துக்கிட்டுதான் இருக்கார்!" என்று ஒரு சத்தம் போட்டார். ஓங்கிய கை இறங்கியது. அத்தை பெருவிரலை மையில் அமுக்கிப் பதித்தார். அதற்குக் கீழே என் வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டார்.

உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்தார். "நான் செத்துட்டா, ஆபரேசன் பண்ணிக் கொன்னுட்டாங்கன்னு எவளும் பேசக் கூடாது. அவளாத்தான் கேட்டுப் போனான்னு சொல்லு, என்ன?"

சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. மூன்று மாதம் பட்ட பாடு கொஞ்சமல்ல. புண் சீழ் வைத்தது, காய்ச்சல் அடித்தது. நடக்கப் பழக்கும்போது என்னை ஏசாத ஏச்சில்லை. ஆனால் நடந்தார். கொஞ்சம் சாய்ந்து, ஒரு கைத்தடியோடு.

தோட்டத்துக்கு வந்த அன்று லயத்துக்குப் போகவில்லை. கடையில் ஒரு போத்தல் நல்லெண்ணெய் வாங்கச் சொன்னார். மருந்துச் சாலைப் படிகளில் ஒவ்வொன்றாக ஏறினார். நான் பிடிக்கப் போனேன். கைத்தடியால் தட்டிவிட்டார். உள்ளே போய் ஐயாவின் மேசையில் போத்தலை வைத்தார்.

"எண்ணெய் தடவச் சொன்னீங்களே. எங்க தடவணும்னு இப்பச் சொல்லுங்க."

அந்த ஐயா எழுந்து தன் நாற்காலியை அத்தை பக்கம் நகர்த்தினார். அத்தை உட்காரவில்லை. "நிக்க முடியுதுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

இப்போது என் வயது அவருடைய அன்றைய வயதைவிட அதிகம். "இந்த வயசுல எதுக்கு" என்று என் பிள்ளைகள் ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அத்தையைக் கேட்காமல் பாவம் பார்த்து அவர் காலைக் கெடுத்தவள் நான். அதனால்தான் சொல்கிறேன், வயதானவர்கள் மேல் பாவப்படுவதற்கு முன்னால், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.