சாமிக் கடாவின் கணையம்

முனீஸ்வரனுக்கு வெட்டிய கடாவிலிருந்து என் அத்தை ஒரு துண்டுச் சதையை ஐஸில் வைத்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனாள். அதற்கு நான் உடந்தை. எங்கள் பங்காளி வீடுகளில் இன்றைக்கும் அதைத் திருட்டு என்றுதான் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அப்போது எனக்குப் பத்து வயது. பாகூர்ப் பக்கம் கரும்பும் நெல்லும் விளையும் ஊர். அப்பாவுக்கு இரண்டு வருஷமாக வயிற்று வலி. சாப்பிட்டால் சுருண்டு படுத்துவிடுவார். அவர் சாராயத்தைத் தொட்டதே இல்லை. ஆனால் எங்கள் பக்கத்து ஆளுக்கு வயிற்று வலி என்றால் அதை யார் நம்புவார்கள்? ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, கணையத்தில் சுண்ணாம்புக் கல் என்றார்கள். பங்காளிகளில் மூத்தவரான பெரியப்பாவோ, முனீஸ்வரனுக்குக் கடா வெட்டி நாளாகிவிட்டது என்றார். அப்பாவும் வேண்டிக்கொண்டார்.

அப்பாவின் ஒரே தங்கை அத்தை. புதுச்சேரியில் கணையத்தைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அந்தச் சதையை அரைத்து இயந்திரத்தில் சுழலவிட்டால், உயிரணுக்களுக்குள் இருக்கும் சவ்வுப் பைகள் தனியே பிரிந்து வருமாம். அந்தப் பைகள் கால்சியத்தை எப்படி உள்ளே இழுத்துப் பூட்டிக்கொள்கின்றன, எப்போது வெளியே விடுகின்றன என்பதே அவள் கேள்வி. அளவாக வெளியே வந்தால் சோற்றைச் செரிக்கும் நீர் சுரக்கும். கண்டபடி வழிந்தால் அந்த நீர் கணையத்தையே தின்றுவிடுமோ என்று அவளுக்கு ஒரு சந்தேகம்.

அறுத்த சூட்டோடு எடுத்த கணையம்தான் அதற்கு ஆகும். பட்டணத்தில் ஆடு அறுக்கும் இடத்தில் பெண்பிள்ளைக்கு என்ன வேலை என்று விரட்டிவிட்டார்கள். அந்த மாதமும் சோதனை நடக்காவிட்டால் படிப்பை விட்டுவிட வேண்டியதுதான் என்று அவளுடைய பேராசிரியர் சொல்லிவிட்டார். கடா சேதி கேட்டதும், அகலவாய் பிளாஸ்க்கில் ஐஸை நிரப்பிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள்.

ஆனால் எங்கள் முனீஸ்வரனுக்கு ஒரு சட்டம் உண்டு. வெட்டிய கடாவை அங்கேயே ஆக்கி, அங்கேயே தின்று தீர்க்க வேண்டும். ஒரு எலும்புகூடக் கோயில் எல்லையைத் தாண்டக் கூடாது. மிச்சத்தைக் குழிவெட்டிப் புதைத்துவிட வேண்டும்.

கடாவை உரித்தவர் அத்தையின் ஒல்லி உடம்பைப் பார்த்து இரக்கப்பட்டு, ரத்தம் ஊறும் என்று சுவரொட்டி என்கிற மண்ணீரலை எடுத்து நீட்டினார். அத்தை அதைத் தள்ளிவிட்டு, குடலோடு ஒட்டியிருந்த வெளிறிய சதையைத் தன் கையாலேயே பிரித்து பிளாஸ்க்கில் போட்டு மூடினாள்.

பெரியப்பா வந்து வழியை மறித்தார். "சாமி சொத்துடி அது. எல்ல தாண்டுச்சின்னா உங்கண்ணன் உசுருக்கு நான் பொறுப்பில்ல."

"அவுரு உசுரு இந்தச் சதையில இல்ல, பெரியண்ணா. வழிய வுடு" என்றாள் அத்தை.

கூட்டம் சுற்றி வளைத்தது. ஆளுக்கு ஒரு நியாயம் பேசினார்கள். ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. அத்தையின் கையிலிருந்து பிளாஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டு நான் கரும்புக்குள் ஓடினேன். பெரிய வீரமெல்லாம் ஒன்றுமில்லை. பெரியப்பாவை மீற ஒரு சாக்குக் கிடைக்காதா என்று ரொம்ப நாளாகக் காத்திருந்தேன், அவ்வளவுதான். கரும்புச் சோகை முகத்தைக் கீறியது. சந்தோஷமாக இருந்தது.

தவளக்குப்பம் போகும் பஸ் நிற்கும் இடத்துக்கு அத்தை மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். பின்னாலேயே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அப்பா. திட்டத்தான் வருகிறார் என்று பிளாஸ்க்கைப் பாவாடைக்குள் மறைத்தேன். அவர் அத்தையிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"இது எனக்கு ஆவுமா?"

அத்தை என்னிடமிருந்து பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டாள். "உனக்கு ஆவாதுண்ணா" என்றாள்.

பஸ் வந்தது. அப்பா கையை நீட்டினார். அத்தை ஏறிப் போனாள்.

மறு வருஷம் அப்பா செத்துப்போனார். பெரியப்பா வாக்குப் பலித்தது என்றது ஊர். நானும் நம்பினேன். அத்தையோடு பல வருஷம் பேசவில்லை. கரும்புக்குள் ஓடிய என் காலையே வெறுத்தேன். உனக்கு ஆகாது என்று அண்ணன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போன கல்நெஞ்சுக்காரி என்று அவளை ஏசியிருக்கிறேன்.

அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் அப்பா கையை நீட்டிப் பஸ்ஸை நிறுத்தினார் என்பது அந்த வயதில் எனக்கு உறைக்கவில்லை.