சோற்றோடு போன கோச்சி

ரயில்வேயில் வேலை செய்தவனுக்குப் பென்ஷன் கிடைக்கும். ஓய்வு மட்டும் கிடைக்காது. முப்பது வருஷம் கார்டாக இருந்து, கொடியும் விசிலுமாகக் காலத்தைத் தள்ளிவிட்டு, இனி வீட்டோடு இருக்கலாம் என்று வந்தவன் நான். வந்த கிழமையே சாவகச்சேரியில் ரயில்வேப் பென்ஷன்காரர் சங்கத்துக்கு என்னைக் காரியதரிசி ஆக்கிவிட்டார்கள். ஏதாவதொரு சங்கத்துக்குக் காரியதரிசியாக இருந்து அவதிப்பட்டவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

டிக்கெட் வாங்கின குற்றம்

நாங்கள் பதினொரு பேர். மாதத்தில் ஒரு ஞாயிறு, தலைவர் கனகசபை மாஸ்டர் வீட்டு முற்றத்தில் கூடுவோம். அவர் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். இப்போதும் யாராவது படலையைத் திறந்தால் மணிக்கூட்டைப் பார்ப்பார்.

பன்னிரண்டாவதாக ஒருவர் வருவார், மானிப்பாய்ச் செல்லையா வாத்தியார். மானிப்பாயில் தண்டவாளமே கிடையாது. அந்தக் குறையோ என்னவோ, மனுஷனுக்குக் கோச்சி, அதுதான் ரயில், என்றால் பைத்தியம். கொக்குவில் வரை சைக்கிள் மிதித்து, அங்கே கோச்சி பிடித்து எங்களிடம் வருவார். காங்கேசன்துறையிலிருந்து கொழும்பு வரை நேர அட்டவணை முழுவதும் மனப்பாடம். எங்கள் சங்கத்தில் அங்கத்தவராகவேண்டும், அது ஒன்றுதான் அவருடைய ஆசை. அவருக்காக நான் வாய் திறந்தபோதெல்லாம் மாஸ்டர் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "கோச்சிக்கு டிக்கெட் வாங்கி ஏறினவன் எப்பிடிக் காணும் ரயில்வேக்காரன் ஆவான்?"

வளையம் இல்லாத வாய்

பதினொரு பேரும் ஒரே நேரத்தில் கதைப்பதால் மாஸ்டர் ஒரு சட்டம் கொண்டுவந்தார். ஒற்றைப் பாதையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஓடலாம். அதற்காக ஸ்டேஷன் மாஸ்டர் டிரைவர் கையில் ஒரு வளையம் கொடுப்பார். வளையம் வாங்காத வண்டி அசையக்கூடாது. எங்கள் கூட்டத்துக்கும் அதே ஒழுங்கு. பிரம்பு வளையம் யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் கதைக்கலாம். அங்கத்தவர் அல்லாத வாத்தியாருக்கு வளையமே இல்லை. யாராவது பளைக்கு வண்டி வரும் நேரத்தைப் பிழையாகச் சொன்னால், பாவம், சால்வைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு நெளிவார்.

ஒருநாள் வளையம் பழைய டிரைவர் சவிரிமுத்தரிடம் போனது. அவர் அதைத் தோளில் கொளுவிக்கொண்டு, தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கி, ஒரு சொல்லும் சொல்லாமல் மிடறு மிடறாகக் குடித்தார். நாங்கள் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தோம். கால் மணி நேரம் போயிற்று. மாஸ்டருக்கே பொறுக்கவில்லை. தன் சட்டத்தைத் தானே மீறி, "என்ன காணும், கதையுமன்!" என்று கத்தினார். சவிரிமுத்தர் கோப்பையைக் கீழே வைக்காமலே சொன்னார்: "பொறும் மாஸ்டர், இஞ்சின் தண்ணி எடுக்குது."

ஆறாவது சிவப்பு

என் கரைச்சல் தாங்காமல் மாஸ்டர் கடைசியில் வாக்கெடுப்புக்குச் சம்மதித்தார். ஆளுக்கு ஒரு பச்சைக் கொடி, ஒரு சிவப்புக் கொடி. சேர்க்கலாம் என்றால் பச்சை. வாத்தியார் படலைக்கு வெளியே நின்று எட்டி எட்டிப் பார்த்தார். ஐந்து பச்சை, ஆறு சிவப்பு. அந்த ஆறாவது சிவப்பைப் பிடித்திருந்தவர் சவிரிமுத்தர். பிடித்த கையோடு ஓடிப்போய், "வெண்டிட்டீர் வாத்தியார்!" என்று அவரைக் கட்டிப்பிடித்தார்.

மனுஷனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. இவர் இழுத்த வண்டியின் கடைசிப் பெட்டியில் பதினான்கு வருஷம் நிம்மதியாகக் குந்தியிருந்தவன் நான். மாஸ்டரோ, காட்டின கொடி காட்டினதுதான் என்று சாதித்தார். காங்கேசன்துறையில் நடக்கும் வருஷ விருந்தில் இன்னொரு வாக்கெடுப்பு, அதிலும் தோற்றால் வாத்தியார் இந்தப் பக்கமே தலைகாட்டக்கூடாது என்று முடிவாயிற்று. வாத்தியாரின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. சவிரிமுத்தரை ஒரு மூலைக்கு இழுத்துப்போய், இத்தனை காலமும் எப்படி அண்ணை வண்டி ஓட்டினீர்கள் என்று கேட்டேன். "கொடியை ஆர் தம்பி பார்த்தது? நான் ஸ்டேஷன் மாஸ்டரின்ரை மூஞ்சையைப் பார்த்தெல்லோ ஓட்டினனான்!"

பதினொரு கைகள்

விருந்து நாள் காலை. ஒரு பெரிய கிடாரம் நிறையச் சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், பாயாசம் எல்லாவற்றையும் சாவகச்சேரி ஸ்டேஷனில் கோச்சிப் பெட்டியில் ஏற்றி, வாத்தியாரைக் காவலுக்கு இருத்திவிட்டு, நாங்கள் பிளாட்பாரத்தில் இறங்கி நின்றோம். ஐந்து நிமிஷம் இருந்தது. இஞ்சினில் ஆவி ஒழுகுகிறது என்றார் ஒருவர். இந்தக் கார்டுக்குக் கொடி பிடிக்கத் தெரியவில்லை என்றேன் நான். விசில் ஊதியது. ஒருவரும் அசையவில்லை.

வண்டி நகர்ந்தது. வாத்தியார் வாசலில் நின்று, அகப்பையும் கையுமாக, எங்களைப் பார்த்து ஆட்டு ஆட்டு என்று ஆட்டினார். பழக்கதோஷம், பதினொரு பேரும் விறைப்பாக நின்று கையை உயர்த்தி, 'போகலாம்' என்று அவருக்குச் சைகை கொடுத்தோம். கடைசிப் பெட்டி தாண்டிப் போன பிறகுதான் விஷயம் உறைத்தது. எங்கள் ஆயுளில் ஒரு வண்டியும் எங்களை விட்டுவிட்டுப் போனதில்லை. ஓடிப்போய் ஏறவேண்டும் என்ற அறிவே எங்களுக்கு இல்லை. சவிரிமுத்தர் வெறும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நான் ஏறேல்லை. பிறகெப்பிடி இஞ்சின் அசைஞ்சது?"

இழுக்காத சங்கிலி

பின்னேரக் கோச்சியில் வாத்தியார் திரும்பி வந்தார். கிடாரம் வெறுமையாக இருந்தது. சோறு புளித்துவிடும் என்று காங்கேசன்துறையில் போர்ட்டர்மாருக்கும் மயிலிட்டிக்குப் போக நின்ற மீன்காரருக்கும் பகிர்ந்துவிட்டாராம். நாங்கள் காலையிலிருந்து பச்சைத்தண்ணியோடு பிளாட்பாரத்தில் கிடந்தவர்கள். தன் கதை முடிந்தது என்று வாத்தியாருக்குத் தெரிந்துவிட்டது. கண் கலங்கி நின்றார்.

"உம்மடை தலைக்கு மேலை ஆபத்துச் சங்கிலி தொங்கினது தானே! ஏன் காணும் இழுக்கேல்லை?" என்று மாஸ்டர் சீறினார்.

"வண்டி நேரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது, மாஸ்டர்," என்றார் வாத்தியார். "நாவற்குழியிலை எதிர்வண்டி வேறை காத்துக்கொண்டு நிண்டது. சோத்துக்காக ரெண்டு கோச்சியைப் பிந்த வைக்கிறதே?"

மாஸ்டர் வாத்தியாரை மேலும் கீழும் பார்த்தார். பசியில் அவருடைய வயிறு இரைந்தது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. பிறகு என் பக்கம் திரும்பினார்: "காரியதரிசி, வாக்கும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். உவரின்ரை பேரை எழுதும். சங்கிலியை இழுத்திருந்தால் நானே உவரைப் படலைக்கு வெளியிலை கலைச்சிருப்பன்."

பதினொரு ரயில்வேக்காரர் சேர்ந்து ஒரு ரயிலைத் தவறவிட்ட பிறகுதான், டிக்கெட் வாங்கி ஏறுவதற்கும் ஏதோ கொஞ்சம் திறமை வேண்டும் என்று எங்கள் சங்கம் ஒப்புக்கொண்டது.