சுபத்தை வெட்டிய ஆபரேட்டர்

இல்லை, அவருக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. தாளம் போடச் சொன்னால் அதையும் தப்பாகத்தான் போடுவார். ஆனாலும் போர்க்காலம் முழுவதும் நாமக்கல்லில் ஒரு சாக்ஸபோன் ஒலித்ததென்றால், அதற்கு டாக்கீஸில் படம் ஓட்டிய நாச்சிமுத்து அண்ணாதான் காரணம்.

செய்தியைக் கொண்டுவந்தவர் டாக்கீஸுக்குச் சுவரொட்டி ஒட்டுபவர். கைப்பிடியில் பசை வாளி தொங்க, சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னார். "நம்ம ஆபரேட்டரு போயிட்டாருங்க. காப்பி குடிச்சிட்டு உக்காந்தவருதானுங்க. அப்படியே."

அவர் கடைசியில் குடிபோயிருந்த எருமப்பட்டிக்கு அடுத்த பஸ் பத்து மணிக்கு. அதுவரை வாத்தியப் பெட்டியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

உங்களில் பலர் அவரைக் குரலாக மட்டுமே அறிந்திருப்பீர்கள். பின்சுவரில், வெளிச்சம் புறப்படும் அந்தச் சிறு சதுர ஓட்டையிலிருந்து, "பீடிய அணைங்க சாமி" என்று கேட்கும் குரல். நான் அதற்குப் பின்னால் இருந்த விரல்களையும் அறிவேன். படப்பெட்டி வந்ததும் முழு பிலிமையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஓடவிடுவார். கண்ணை மூடிக்கொண்டு. எங்கே கிழிசல் என்று விரல்தான் சொல்லும்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெட்ராஸில் பி.ஏ. படித்தேன். கல்லூரி பேண்டில் சாக்ஸபோன் பழகினேன். ஊர் திரும்பி ஒரு பேண்டு செட்டில் சேர்ந்தேன். இராசிபுரத்தில் தறி போட்டிருந்த அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. தாலுக்கா ஆபீஸில் எனக்கு ஒரு குமாஸ்தா நாற்காலிக்குச் சொல்லிவைத்திருந்தார். எங்களுக்குள் ஓர் உடன்பாடு. அந்தக் குழாய் சத்தம் போடும்வரை நான் அதனோடு இருக்கலாம். நின்ற மறுநாள் ஆபீஸ்.

சாக்ஸபோனின் வாயில் ஒரு மெல்லிய தகடு உண்டு. நாணலைச் சீவியது. ரீடு என்போம். அது அதிர்ந்தால்தான் ஒலி. பிரான்சிலிருந்து வரும். போர் வந்தது, கப்பல் நின்றது. என்னிடம் இருந்த கடைசி ரீடு ஒரு கல்யாண ஊர்வலத்தில் நுனி பிளந்தது.

கொல்லிமலை மூங்கிலைச் சீவிப் பார்த்தேன். பனமட்டையைச் சீவிப் பார்த்தேன். மாலைக் காட்சிக்கு முன் டாக்கீஸ் வாசலில் எங்கள் செட் வாசிப்பது வழக்கம். ஒருநாள் மூங்கில் ரீடோடு இரண்டு அடி வாசித்திருப்பேன். மேலே ஆபரேட்டர் அறை ஜன்னலில் அண்ணாவின் முகம் தெரிந்தது.

"ஏனுங்க சாமி, ஆட்டப் புடிச்சு உள்ள உட்டுட்டீங்களா?"

கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவர் அதைக் கவனித்திருக்க வேண்டும். காட்சி முடிந்ததும் மேலே கூப்பிட்டார். பிளந்த ரீடைக் கேட்டு வாங்கி, கண்ணை மூடி, அடியிலிருந்து நுனிவரை விரலை ஓட்டினார்.

"நுனி ஒத்தப் பிலிமு கனந்தானுங்க. அடி இருவது பிலிமு இருக்கும். படிக்கட்டு மாதிரி ஒட்டிச் சீவுனா வராதுங்களா?"

வெட்டி எறிந்த பிலிம் துண்டுகளை வெந்நீரில் ஊறப்போட்டார். படம் கரைந்து வெறும் கண்ணாடி போன்ற தகடானது. அறுந்த பிலிமை ஒட்டும் பசையால் நீளமானதன்மேல் குட்டையானதாக அடுக்கி ஒட்டினார். பிளேடால் சீவி, உப்புத்தாளால் தேய்த்தார். ஒரு வாரத்தில் ஏழு ரீடு கெட்டது. எட்டாவது பேசியது. நாணலைவிடக் கரடான குரல். ஆனால் பலமான குரல்.

பழக்கதோஷத்தில் அதை வாயில் வைத்து நனைத்துக்கொண்டிருந்தேன். நாணலை அப்படி ஊறவைக்காவிட்டால் பேசாது.

"அது பிலிமுங்க. அதுக்குத் தாகமெடுக்காது," என்றார். பிறகு, "வாயில இருக்கறப்ப பீடி மட்டும் பத்த வெச்சிராதீங்க. மூஞ்சி போயிரும்."

நாக்கில் கற்பூரத்தின் சுவை. பிலிமில் கற்பூரம் சேர்கிறது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

புதுப் படம் வந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் நோட்டீஸ் வண்டிக்கு முன்னால் எங்கள் செட் கடைவீதி முழுக்க வாசித்துப் போக வேண்டும். நூல் வாங்க அப்பா அன்று நாமக்கல் வருவதாகச் சொல்லியிருந்தார். எதற்கு வருகிறார் என்பது எனக்குத் தெரியும்.

முதல் நாள் அண்ணா ரீடை வாங்கிப்போனார். புது ஆயுதம் எதுவானாலும் முதலில் சாமியிடம் வைத்து எடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அப்போது டாக்கீஸுக்குப் பின்னால் இருந்த தன் வீட்டில், சாமி படத்தின் முன், வெற்றிலைமேல் வைத்திருக்கிறார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

காலையில் நான் போனபோது அவருடைய மனைவி பாவாயி அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தார். முன்நெற்றி முடி கருகிச் சுருண்டிருந்தது.

"கப்பூரம்னு நெனச்சேனுங்க சாமி. மோந்து பாத்தேன், அதே வாசம். கடைல கப்பூரமே கெடைக்காத காலத்துல எங்கயோ நல்ல கட்டியா வாங்கியாந்து வெச்சிருக்காருன்னு, தட்டுல வெச்சுப் பத்த வெச்சேன். புஸ்ஸுன்னு கூரை வரைக்கும் போயிருச்சு."

"சாமிக்குத்தான போச்சு, உடு," என்றார் அண்ணா உள்ளிருந்து. "உன்ற புருவம் தப்புச்சுதா, அதச் சொல்லு."

ஆனால் வெட்டி எறிந்த துண்டுகள் தீர்ந்திருந்தன. ஓடுகிற படத்தில் கத்திரி வைப்பதில்லை என்பது அவருடைய விரதம். சேலத்திலிருந்து வந்த பெட்டி வந்தபடியே திரும்ப வேண்டும். டாக்கீஸ் அறைக்குப் போனோம். அப்பாவின் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். சொன்னேன்.

முடிந்துபோகவிருந்த பழைய படத்தின் கடைசிச் சுருளை எடுத்தார். அதன் கடைசி முழத்தை வெளிச்சத்தில் பிடித்தார். ஒவ்வொரு கட்டத்திலும் பூமாலைக்கு நடுவே சுபம், சுபம், சுபம்.

"இன்னிக்கு மாலைக் காட்சியோட இந்தப் படம் போயிருது. கதைல கை வெக்கலீங்க," என்றார். வெட்டினார்.

மத்தியானம் கடைவீதியில் அந்த ரீடு பேசியது. நூல்கடை முன்னால் அப்பா குடையை ஊன்றி நின்றார். நாங்கள் அவரைக் கடந்துபோகும்வரை நகரவில்லை. சாயங்காலம் பஸ் ஏறும்போது, "பல்லு கூசுது. ஆனாச் சத்தம் பலந்தான்," என்றார். தாலுக்கா ஆபீஸைப் பற்றி அன்றும் பேசவில்லை, அதன் பிறகும் பேசவில்லை.

மாலைக் காட்சி முடிந்தது. திரை வெளுத்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் இருக்குதுங்கறேன். சுபம் போடலீல்ல?"

"புள்ள பொறக்கறதக் காட்டாமயா முடிப்பான்?"

மேனேஜர் கத்திப் பார்த்தார். பயனில்லை. கடைசியில் சதுர ஓட்டையில் முகம் தெரிந்தது. "சுபந்தானுங்க! எல்லாம் சுபம்! ஊட்டுக்குப் போங்க சாமி!"

பெட்டி வரும்போதே அப்படித்தான் வந்தது என்று மேனேஜரிடம் சொன்னார். எனக்குத் தெரிந்து அவர் சொன்ன ஒரே பொய். நான்கு நாள் முகம் வாடித் திரிந்தார். ஐந்தாம் நாள், "சுபம் எப்பிடிங்க பேசுது?" என்று கேட்டார்.

இப்போது நாணல் ரீடு மறுபடி வருகிறது. அதைத்தான் வாசிக்கிறேன். ஆனால் வாயில் பொருத்துமுன் கண்ணை மூடி விரலை ஒருமுறை ஓட்டுகிறேன். பேண்டில் மற்றவர்கள் இதைச் சகுனம் பார்ப்பது என்று நினைக்கிறார்கள். அவரிடமிருந்து என்னிடம் தங்கியது அதுதான். விரல்.

அண்ணா போன மூன்றாம் நாள் எருமப்பட்டியில் பாவாயி அக்காவிடம் அந்தச் சுபம் ரீடைக் கொண்டுபோனேன். அவசரத்தில் சரியாகக் கழுவாததால் அடியில் ஓர் எழுத்தின் வளைவு இன்னும் தெரிகிறது. "இது உங்களதுங்க அக்கா," என்றேன். வாங்கி முகர்ந்தார்.

"இன்னும் அடிக்குது பாருங்க வாசம்," என்றார். அழுவார் என்று நினைத்தேன். சிரித்தார். "உங்ககிட்டயே இருக்கட்டுங்க சாமி. என்ற கைல இருந்தா நம்ப முடியாது."

ரீடை என் உள்ளங்கையில் வைத்து மூடினார். பிறகு சாமி படத்தின் முன்னிருந்த தீப்பெட்டியை எடுத்து, பரண்மேல் கை எட்டாத தூரத்தில் வைத்துவிட்டு, எருமைக்குத் தண்ணீர் காட்டப் போனார்.