தபசு மரத்தடியில் அரை அடி

இடுப்பிலும் இரண்டு தொடைகளிலும் பட்டைகளை மாட்டி, ஹெல்மெட்டைத் தாடைக்கடியில் பூட்டி, தலைக்கு மேல் ஓடிய இரும்புக் கயிற்றில் என் கப்பியைக் கோத்து, அதை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, கை காட்டறதுன்னா இப்பவே காட்டிடுங்க. கிளம்பிட்டா நேரம் இருக்காது" என்றாள் வழிகாட்டிப் பெண். அவளுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மரத்தின் மேல் பலகை அடித்துக் கட்டிய பரணில் நாங்கள் இருவரும் நின்றிருந்தோம். எதிரே காட்டின் தலை தெரிந்தது. காட்டை எப்போதும் காலடியிலிருந்து பார்த்தே பழகியவள் நான். மேலிருந்து பார்க்கும்போது அது யாரும் மிதிக்காத ஒரு தரையைப் போல இருந்தது. கீழே எங்கள் சுற்றுலாக் குழு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது.

எழுபது வயதில், கயிற்றில் தொங்கிக்கொண்டு காட்டுக்கு மேலே பறக்கும் இந்த வேலை எனக்கு எதற்கு என்று கேட்டால் சரியான பதில் கிடையாது. கணவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. ஒரே மகன் கனடாவில். "சும்மா வீட்லயே உக்காந்துக்கினு இருக்காதம்மா" என்று ஃபோனில் சொல்லி, முதியவர்களை அழைத்துப்போகும் இந்தச் சுற்றுலாவுக்கு அவனே பதிவு செய்துவிட்டான். பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கையும் அறையில் பக்கத்துக் கட்டிலும் ஒரு ஓய்வுபெற்ற நர்சம்மாவுக்கு. புடவையோடு ஏற்ற மாட்டோம் என்று சொன்னதும், பெட்டியைத் திறந்து தன்னுடைய சுடிதாரைக் கொடுத்தவர் அவர்தான். ஆனால் அவர் ஏறவில்லை. "நீங்க போங்கம்மா, நான் கீழ இருந்து போட்டோ எடுக்கிறேன். என்னப் பார்த்துக் கை காட்டுங்க" என்றார். ரத்தக் கொதிப்பு உண்டா என்று கேட்டார்கள், எடை பார்த்தார்கள், ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். இத்தனை கேள்வி என் கல்யாணத்தில்கூட யாரும் கேட்கவில்லை.

பரணில் நின்றபோது எனக்குக் கடவுள் ஞாபகம் வரவில்லை. காஞ்சிபுரமும், என் ஓரகத்தியும், பனைமரத்தின் மேல் நின்ற ஓர் அர்ச்சுனனும்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

ஓரகத்தி என்றால் என் கணவருடைய அண்ணன் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் மாமியார் வீட்டில் இரண்டு தறிகள். ஒன்று மூத்தவருக்கு, ஒன்று என் கணவருக்கு. நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அக்கா அங்கே ஐந்து வருஷம் பழையவள். முசரவாக்கத்துப் பெண். நல்ல உயரம். விடியற்காலையில் தறிக்கான நெடுக்கு நூலைத் தெருவில் பாவாக நீட்டும்போது எதிரெதிர் முனையில் நாங்கள் இருவரும் நிற்போம். அந்த முனையிலிருந்து அவள் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள், தெருவே சிரிக்கும். என் முதல் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "ஏம்மா, கொழம்புக்கு உப்பு போட்டியா, உப்புக்குக் கொழம்பு ஊத்துனியா?" என்று கேட்டாள். ஆனால் மாமியார் சாப்பிட உட்காருவதற்குள் அதில் புளியும் தண்ணீரும் சேர்த்துச் சரிசெய்தவளும் அவள்தான். பிறந்த வீட்டில் எனக்கு அக்கா தங்கை கிடையாது. அந்த வீட்டில் எனக்குப் பிடித்த முதல் ஆள் அவள். என் கணவர் இரண்டாவதுதான்.

அவளுக்குக் குழந்தை இல்லை. எட்டு வருஷம் ஆகியிருந்தது. எனக்கும் மூன்று வருஷமாக இல்லை. ஆனால் வீட்டில் மூத்தவள் ஒருத்தி அப்படி இருந்ததால் என்னை யாரும் அதிகம் கேட்கவில்லை. பேச்செல்லாம் அவள் மேலேயே விழுந்தது. அந்த வருஷம் தையில் மாமியார் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். "இன்னும் ஒரு வருசம் பாக்கறேன். இல்லன்னா பெரியவனுக்கு வேற பொண்ணு பாக்க வேண்டியதுதான்." அக்கா தறிக்கு ஊடை நூலைத் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். ராட்டை நிற்கவில்லை. ஆனால் அன்று முழுக்க அவள் யாரையும் சிரிக்க வைக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். அதில் ஒரு பகல் அர்ச்சுனன் தபசு. நெடிய பனைமரத்தை நட்டு, படிக்கட்டை அடித்து, உச்சியில் ஒரு பரண் கட்டியிருப்பார்கள். கூத்தில் அர்ச்சுனன் வேஷம் கட்டுபவர், படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே அதில் ஏறுவார். மேலே போய்ச் சிவனை நோக்கித் தபசு செய்து, வில்வமும் விபூதியும் எலுமிச்சம்பழமும் வீசுவார். குழந்தை இல்லாத பெண்கள் குளித்து, ஈரப்புடவையோடு மரத்தைச் சுற்றி நின்று முந்தானையை ஏந்துவார்கள். யார் மடியில் பழம் விழுகிறதோ அவளுக்குப் பிள்ளை. அதை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் இரண்டு பேருக்குமே ஆகாது என்பார்கள்.

தாமலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் சித்திரையில் தபசு என்று கேள்விப்பட்டு மாமியார் எங்களை அழைத்துப்போனார். நான் துணைக்குப் போனவள்தான், கோயிலுக்கென்று நானும் மஞ்சள் புடவை கட்டியிருந்தேன். மாற்றுப் புடவையும் தேங்காய் பழமும் இருந்த பை என் கையில் இருந்தது. ஏரியில் முழங்கால் அளவுதான் தண்ணீர். அக்கா உட்கார்ந்து முங்கி எழுந்தாள். அப்போதுதான் மாமியாருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "நீயும்தான் முங்கிட்டு வந்து நில்லேன், எதுக்கு சும்மா இருக்கறே?" என்றார். அக்காவே பையை வாங்கி மாமியாரிடம் கொடுத்துவிட்டு, என் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டாள்.

காலையில் ஏறத் தொடங்கிய அர்ச்சுனன் உச்சிக்குப் போவதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. மரத்தைச் சுற்றி இருபது முப்பது பெண்கள் இருந்தோம். எல்லோரும் மஞ்சள் பூசி, மஞ்சள் புடவை கட்டியிருந்தோம். ஈரம் உடம்பிலேயே காய்ந்து போயிருந்தது. அக்காவும் நானும் தோளோடு தோள் நின்றோம். வில்வ இலைகள் முதலில் வந்தன. அவை சுழன்று எங்கெங்கோ போயின. பிறகு விபூதிப் பொட்டலங்கள். பிறகு அவர் பைக்குள் கைவிட்டார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. நான் மூடவில்லை. பழம் அவர் கையை விட்டுப் புறப்பட்டதிலிருந்து நான் பார்த்துக்கொண்டேயிருந்தேன்.

அது அக்காவின் மடிக்கு நேராக வந்தது. நான் அரை அடி நகர்ந்தேன்.

இதை இப்போதுதான் முதல்முறையாக எழுதுகிறேன். கூட்டம் நெருக்கியது, பின்னாலிருந்து யாரோ தள்ளினார்கள், கால் இடறியது என்றெல்லாம் எனக்கு நானே எத்தனையோ சொல்லிப் பார்த்திருக்கிறேன். யாரும் தள்ளவில்லை. என் முந்தானை அவள் முந்தானையின் மேல் ஏறியது. பழம் பொத்தென்று விழுந்தது. அக்கா கண்ணைத் திறந்தபோது அது என் மடியில் இருந்தது.

அவள் முகம் ஒரு நொடி என்னவோ ஆனது. பிறகு என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியோரம் விரல்களை முறித்தாள். திரும்பி வரும் பஸ்ஸில், "இத நீங்க வெச்சுக்குங்கக்கா" என்றேன். அவள் வாங்க மாட்டாள் என்று தெரிந்துதான் சொன்னேன். "தப்புமா. மேல இருந்து அவரு பார்த்துத்தான் போட்டாரு. யாருக்குன்னு அவருக்குத் தெரியும்" என்றாள். மறுநாள் விடிகாலையில் குளித்துவிட்டு, தோலோடும் விதையோடும் முழுப் பழத்தையும் தின்றேன். கசப்பில் கண்ணீர் வந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ஆவணியில் எனக்கு நாள் தள்ளிப்போயிற்று. என் கணவர் இதையெல்லாம் நம்பாதவர். "காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை" என்று சிரித்தார். வீட்டில் வேறு யாரும் சிரிக்கவில்லை. எனக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது மாகறலிலிருந்து மாமியாரின் அண்ணன் வந்தார். பெரியவருக்குப் பெண் பார்த்தாகிவிட்டது, மூத்தவள் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் அடுப்பங்கரையில் கரண்டியும் கையுமாக நின்றேன். ஒரு வருஷமாவது பொறுக்கச் சொல்லி அவள் அழுவாள், சண்டை போடுவாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது இதுதான்: "மேல இருந்து பார்த்தவருக்கே எனக்கு இல்லன்னு தெரிஞ்சு போச்சு. நான் எதுக்குக் குறுக்க நிக்கணும்? பண்ணி வைங்க."

அந்த நேரத்தில் நான் கூடத்துக்குப் போயிருக்கலாம். பழம் உங்களுக்குத்தான் வந்தது என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அவள் பேச்சு மாறியிருக்கும். திருடின பழம் என்று தெரிந்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தேன். மாமியாருக்கும் பயந்தேன். அவையெல்லாம் அப்புறம். அக்கா என்னை வெறுத்துவிடுவாள் என்பதற்குத்தான் அதிகம் பயந்தேன். குழம்பைக் கிண்டிக்கொண்டே நின்றேன்.

புதியவள் வந்தாள். அவளும் நல்ல பெண்தான். இரண்டு பெண் குழந்தைகள் பெற்றாள். அக்கா என் மகனுக்கு ஒன்றரை வயது ஆகும்வரை இருந்து அவனைத் தூக்கி வளர்த்துவிட்டு, ஒரு தகரப் பெட்டியோடு முசரவாக்கத்தில் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். பிறகு கல்யாணம், கருமாதி என்று பார்ப்பதோடு சரி. தெருவில் பாவு நீட்டும்போது எதிர்முனையில் புதியவள் நிற்பாள். பேச மாட்டாள். வேலை நடக்கும். அந்தக் காலத்தில் வீட்டில் எட்டுப் பேர் இருந்தோம், நான் தனியாகத்தான் இருந்தேன்.

எனக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. அதை அக்காவேதான் கொடுத்தாள். அவர் பார்த்துத்தான் போட்டார். அர்ச்சுனன் உண்மையிலேயே என்னைப் பார்த்து எனக்கென்றே வீசியிருந்தால், நான் நகர்ந்தது வரவேண்டியதை எதிர்கொண்டு வாங்கியதுதானே? ஒருமுறை அந்த அர்ச்சுனனையே காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். வேஷம் இல்லாமல், கட்டம் போட்ட லுங்கியில், டீ குடித்துக்கொண்டிருந்தார். போய்க் கேட்டிருக்கலாம். அவர் இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பஸ் ஏறிவிட்டேன்.

மகன் கல்யாணத்துக்கு அக்கா வந்தாள். முடியெல்லாம் வெளுத்திருந்தது. என் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "இவன் பழத்துல வந்தவன்மா. சாமி பார்த்துக் குடுத்த புள்ள" என்றாள். முப்பது வருஷத்துக்குப் பிறகும் அவளுக்கு அதில் சந்தேகமில்லை. அவள் இறந்து இந்த மாசியோடு மூன்று வருஷம் ஆகிறது.

நான் பரணிலிருந்து குனிந்து நர்சம்மாவைத் தேடினேன். குழுவில் எல்லோருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் தொப்பி கொடுத்திருந்தார்கள். அண்ணாந்த முகங்கள் ஏழெட்டு இருந்தன. ஓரமாக நின்ற ஒருவர் கையில் ஃபோன் மின்னியது. அவரைப் பார்த்து நன்றாகக் கையை ஆட்டினேன். "போலாமாம்மா?" என்றாள் வழிகாட்டிப் பெண். தலையாட்டினேன். முதுகில் கை வைத்து மெதுவாக விட்டாள்.

காலுக்குக் கீழே பலகை இல்லாமல் போனது. கப்பி தலைக்கு மேல் கீச்சென்று ஓடியது. இலைகளின் மேல்பக்கம் காலடியில் விரைந்து போயிற்று. கீழிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாத பூக்கள் மரத்தலைகளில் சிவப்பாகப் பூத்திருந்தன. என்னவோ ஒரு பெரிய பறவை எரிச்சலோடு எழுந்து வேறு மரத்துக்குப் போனது. நான் கத்தவில்லை. அங்கே என் பக்கத்தில் யாரும் இல்லை என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. அடுத்த பரணில் இன்னொரு வழிகாட்டி பிடித்து நிறுத்தி, கப்பியை அடுத்த கயிற்றில் மாற்றினார். அப்படி நான்கு கயிறுகள். கடைசியில் ஒரு புல்மேட்டில் இறக்கிவிட்டார்கள்.

நர்சம்மா மூச்சு வாங்க நடந்து வந்தார். கோபம் மாதிரி இருந்தது. "ஏம்மா, நான் இங்க கத்திக்கினு நிக்கறேன், நீங்க பாட்டுக்கு டிரைவரைப் பார்த்துக் கை ஆட்டுறீங்க. என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல" என்றார்.

"மேல இருந்து ஒண்ணும் தெரியலம்மா. யாரு யாருன்னே தெரியல" என்றேன்.

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்குக் கேட்டது. அந்தப் பனையும் இந்த மரத்தின் உயரம்தான் இருக்கும். வெயில் கண்ணில் அடிக்க, பகலெல்லாம் பட்டினியாகப் பாடிய ஒரு மனுஷர், கீழே தெரிந்த மஞ்சளைப் பார்த்து வீசியிருக்கிறார். அவர் யாரையும் பார்க்கவில்லை. யாருக்கும் கொடுக்கவில்லை, யாருக்கும் மறுக்கவும் இல்லை. அந்த மரத்தடியில் கண்ணைத் திறந்துகொண்டு ஒருத்தியை வேண்டாம் என்று சொன்ன ஆள் நான் மட்டும்தான்.

பஸ்ஸில் நர்சம்மா தூங்கிவிட்டார். மகன் ஃபோன் செய்து எப்படி இருந்தது என்று கேட்டான். நல்லா இருந்துச்சுப்பா என்றேன். வைத்த பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, சத்தம் வராமல், சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அக்கா, உங்கள யாரும் பார்க்கவே இல்ல. உங்களுக்கு இல்லன்னு யாரும் சொல்லல. நான்தான் நகர்ந்தேன்.